வாக்கி டாக்கி வாங்குவதற்கு முன் மொட்டை மாடிக்கு ஒருமுறை போய் வாருங்கள்

"இது எத்தனை கிலோமீட்டர் போகும்?" லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவதற்குத்தான் ஹாம் ரேடியோ என்று பெயர். அந்தப் பேச்செடுத்தாலே முதலில் வரும் கேள்வி இதுதான். பெட்டியின் மேலேயே 10 கிலோமீட்டர், 15 கிலோமீட்டர் என்று அச்சடித்துத் தருகிறார்கள், கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் செட்டை மட்டும் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. பேசுகிறவர் எங்கே நிற்கிறார், கேட்கிறவர் எங்கே நிற்கிறார், நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். தெருமுனையில் நிற்பவர் கையிலுள்ள விலை உயர்ந்த செட்டைவிட, மொட்டை மாடியில் நாலைந்து பித்தளைக் கம்பிகளை நிறுத்தியவரின் மலிவான செட் அதிக தூரம் பேசும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத்தான் ஆரம்பிக்கிறார்கள். முதலில் செட், அப்புறம் லைசென்ஸ், மனசிருந்தால் கடைசியில் ஆன்டெனா.

லைசென்ஸை ஏன் முதலில் வைக்க வேண்டும் என்பதற்கு அண்மைக்காலச் சம்பவம் ஒன்று உண்டு. 2025 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. எந்த அலைவரிசையில் வேலை செய்யும், லைசென்ஸ் வேண்டுமா, உபகரண ஒப்புதல் இருக்கிறதா என்று எதையும் சொல்லாமல் வாக்கி டாக்கிகளைப் பொம்மை மாதிரி விற்கிறார்கள் என்பது புகார். அந்த மாதக் கடைசியிலேயே இந்த விற்பனைக்கென்று தனி வழிகாட்டு நெறிமுறைகளும் வந்துவிட்டன. அரசின் பதற்றத்தில் நியாயம் உண்டு. பட்டனைத் தட்டி எந்த அலைவரிசைக்கும் போகக்கூடிய செட்டை விவரம் தெரியாதவர் கையில் கொடுத்தால், அவர் விளையாட்டாக அழுத்தும் இடத்தில் காவல்துறையோ தீயணைப்புத் துறையோ பேசிக்கொண்டிருக்கலாம். இந்தியாவில் லைசென்ஸ் வேண்டிய செட்டை லைசென்ஸ் இல்லாமல் வீட்டில் வைத்திருப்பதே குற்றம். "நான் பேசவே இல்லை சார், சும்மா வைத்திருந்தேன்" என்பது பதிலாகாது.

லைசென்ஸ் இல்லாமல் பேச வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள சின்ன இடுக்கில் குறைந்த சக்தியுள்ள, ஒப்புதல் பெற்ற செட்டுகளுக்கு 2018-லிருந்து விலக்கு உண்டு. 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம் சிட்டிசன் பேண்டில் 5 வாட் வரை 2005-லிருந்தே விலக்கு உண்டு. தோப்பில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பேச, கோயில் திருவிழாவில் தன்னார்வலர்கள் ஒருவரையொருவர் கூப்பிட, 446 செட்டே போதும். அதற்காக யாரும் பரீட்சை எழுத வேண்டாம்.

இன்னொரு குழப்பம் யூடியூபிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் ஜிஎம்ஆர்எஸ் என்று ஒரு சேவை இருக்கிறது. பரீட்சை கிடையாது. 35 டாலர் கட்டினால் 10 வருடத்துக்குக் குடும்பம் முழுவதும் ஒரே லைசென்ஸில் பேசலாம், 462, 467 மெகாஹெர்ட்ஸில் 50 வாட் வரை போகலாம். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதே செட்டை இங்கே தேடுகிறார்கள். அந்த அலைவரிசைகள் இங்கே நமக்கு உரியவை அல்ல. இங்கே சொந்த உபயோகத்துக்கு என்று கொஞ்சம் தாராளமான இடம் வேண்டுமானால் அமெச்சூர் ரேடியோ, அதாவது ஹாம் ரேடியோ, ஒன்றுதான். அதில் குடும்ப லைசென்ஸ் கிடையாது. நீங்கள் பேசலாம், மனைவி பேச வேண்டுமென்றால் அவரும் தேர்வு எழுத வேண்டும். வியாபாரப் பேச்சுக்கும் இடமில்லை.

அமெச்சூர் லைசென்ஸுக்கு 12 வயது ஆனால் போதும். 1978-ல் வந்த விதிகளும் பிற்பாடு வந்த திருத்தங்களும் இரண்டு நிலைகளை வைத்தன. ரெஸ்ட்ரிக்டட் கிரேடில் தேறியவருக்கு வி.யூ.3 என்று தொடங்கும் அழைப்புக்குறி (ரேடியோவில் நம்மை அடையாளம் சொல்லும் பெயர்), ஜெனரல் கிரேடுக்கு வி.யூ.2. பாடத்தில் பாதி எளிய மின்னியல், பாதி விதிமுறைகள். பத்தாம் வகுப்பு இயற்பியலோடு கோபித்துக்கொள்ளாதவர் ஒரு மாதம் படித்தால் முதல் நிலை கைக்கு வரும். தேர்வைவிட அதற்குப் பின்னால் வரும் விசாரணையும் காத்திருப்பும்தான் பொறுமையைச் சோதிக்கும். மாதக்கணக்கில் ஆகலாம். அந்த மாதங்களில் செட் வாங்கக் கை அரிக்கும். வாங்காதீர்கள். நெதர்லாந்தில் ட்வென்டே பல்கலைக்கழகம் இணையத்தில் ஒரு ரிசீவரைத் திறந்து வைத்திருக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்தே உலக ஹாம்களின் பேச்சைக் கேட்கலாம். யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள், எப்போது நிறுத்துகிறார்கள் என்று காது பழகட்டும். அப்புறம், மொட்டை மாடிக்குப் போய் நாலு பக்கமும் பாருங்கள்.

அங்கே பார்க்க வேண்டியது தொடுவானத்தை. 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை ஹாம்கள் 2 மீட்டர் பேண்டு என்பார்கள். கையடக்கச் செட்டுகளின் முக்கியப் புழக்கம் அதில்தான். இந்த அலைகள் ஏறக்குறைய ஒளி மாதிரி நேராகப் போகும், பூமி வளைந்த இடத்தில் கைவிட்டுவிடும். எவ்வளவு தூரம் என்பதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். கையில் பிடித்த செட் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றால் 5 கிலோமீட்டர். மாடியில் 12 மீட்டர் உயரத்தில் வைத்தால் 14 கிலோமீட்டர். 2000 மீட்டர் உயர மலையில் ஒரு ஆன்டெனா இருந்தால் 184 கிலோமீட்டர். இருபக்கத்துத் தூரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அதாவது உங்கள் மாடியும் அந்த மலையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டால், 200 கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் பேச வாய்ப்பு இருக்கிறது. தெருவில் நிற்கும் இரண்டு பேருக்கு ஏட்டுக் கணக்கில் 10 கிலோமீட்டர் வரும். நடுவில் கல்யாண மண்டபமும் அபார்ட்மென்ட்டும் வந்துவிடுவதால் கையில் மிஞ்சுவது ஒன்றிரண்டு கிலோமீட்டர்தான்.

இந்தக் கணக்கில் வாட் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். 5 வாட் கைச் செட்டை விட்டுவிட்டு 25 வாட் செட்டுக்கு மாறினால் எதிர்முனையில் கூடுவது 7 டெசிபல். சிக்னலின் பலத்தைக் காட்டும் எஸ்-மீட்டரில் அது ஒரு படிக்குக் கொஞ்சம் மேலே. இரைச்சலோடு கேட்ட குரல் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான். கட்டடத்துக்குப் பின்னால் இருப்பவரை அது முன்னால் கொண்டுவராது. அந்தக் காசில் ஆன்டெனாவை ஆறு மீட்டர் தூக்கினால் கட்டடத்தையே தாண்டிவிடலாம்.

ஆனால் தூக்கியதும் கேபிள் நீளும். புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இது. ஆர்ஜி-58 என்ற மெல்லிய கேபிள் எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு, வளைத்து எடுத்துப்போகவும் வசதி. 145 மெகாஹெர்ட்ஸில் அதன் இழப்பு 100 மீட்டருக்கு ஏறக்குறைய 20 டெசிபல். மாடியிலிருந்து அறைக்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 4 டெசிபல் போய்விடும். செட்டிலிருந்து கிளம்பிய 5 வாட் ஆன்டெனாவுக்குப் போய்ச் சேரும்போது 2 வாட். மீதி 3 வாட் கேபிளுக்குச் சூடேற்றியதோடு சரி. ஹாம்களின் இன்னொரு பேண்டான 435 மெகாஹெர்ட்ஸில் இதே கேபிளில் ஒரு வாட் போய்ச் சேர்ந்தாலே அதிகம். தடிமனான ஆர்ஜி-213 போட்டால் 145-ல் ஏறக்குறைய மூன்றரை வாட் போகும். இழப்பு பேசும்போது மட்டும் இல்லை, கேட்கும்போதும் அதே அளவுதான். தூரத்திலிருந்து மெலிதாக வரும் குரல் அறைக்கு வந்து சேர்வதற்குள் கேபிளிலேயே கரைந்துபோகும். வீட்டில் டிஷ் டிவிக்கு இழுத்த கேபிள் சுருள் மிச்சம் இருந்தால் அதைக்கூடப் பயன்படுத்தலாம். செட் எதிர்பார்ப்பது 50 ஓம், இது 75 ஓம் என்பதால் கொஞ்சம் பொருந்தாமை இருக்கும், ஆனால் இழப்பில் அது ஆர்ஜி-58-ஐத் தோற்கடிக்கும். இதைச் சொன்னால் சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

ஆன்டெனாவைக் கடையில் வாங்கலாம்தான். முதல் ஆன்டெனாவைச் செய்து பார்ப்பதே நல்லது என்பது என் கட்சி. வெல்டிங் சாமான் விற்கும் கடையில் பித்தளை பிரேசிங் ராடு கேளுங்கள், 3 மில்லிமீட்டர் தடிமன், ஐந்து போதும். கூடவே எஸ்.ஓ.239 சாக்கெட் ஒன்று. சதுரத் தகட்டில் நாலு மூலையிலும் ஓட்டை உள்ள மாதிரியாகப் பார்த்து வாங்க வேண்டும். நடு முனையில் ஒரு கம்பியை நெட்டுக்குத்தாகச் சால்டர் செய்கிறோம். ரேடியோ ரிப்பேருக்கு வைத்திருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் இதற்குப் பத்தாது, பித்தளை சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். 60 வாட்டாவது வேண்டும், கம்பியின் நுனியை உப்புத்தாளில் பளபளவென்று தேய்த்திருக்கவும் வேண்டும். மீதி நாலு கம்பிகளின் முனையை வளையமாக வளைத்து நாலு மூலைக்கும் நட்டு போல்ட்டு போட்டு முடுக்கி, குடைக் கம்பி மாதிரி 45 டிகிரி கீழே சாய்த்துவிட வேண்டும். அந்தச் சாய்வு அழகுக்கு இல்லை. கம்பிகள் கிடைமட்டமாக இருந்தால் ஆன்டெனாவின் தடை 36 ஓம் பக்கம் நிற்கும், சாய்த்தால் கேபிளுக்குப் பொருத்தமான 50-ஐ நெருங்கும்.

நடுக்கம்பியின் நீளம்தான் உயிர். 145 மெகாஹெர்ட்ஸுக்கு 49 சென்டிமீட்டர் என்று கணக்கு சொல்லும். ஆனால் 52-ல் வெட்டி ஆரம்பியுங்கள். வெட்டிய கம்பி ஒட்டாது. இப்போது நானோ விஎன்ஏ என்று உள்ளங்கை அளவு கருவி சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது. அதை மாட்டினால் திரையில் ஒரு கோடு பள்ளம் விழுந்து நிற்கும். அந்தப் பள்ளம் இருக்கும் இடம்தான் உங்கள் ஆன்டெனா இசைந்திருக்கும் அலைவரிசை. முதலில் 137 பக்கம் இருக்கும். மூன்றரை மில்லிமீட்டர் நறுக்கினால் ஏறக்குறைய ஒரு மெகாஹெர்ட்ஸ் மேலே நகரும். நறுக்குவது, பார்ப்பது, மறுபடி நறுக்குவது என்று அரை மணி நேரத்தில் பள்ளம் 145-க்கு வந்து உட்காரும். கருவி இல்லாதவர், அனுப்பிய சக்தியில் எவ்வளவு ஆன்டெனாவிலிருந்து திரும்பி வருகிறது என்று காட்டும் பழைய எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை ஊரில் யாரிடமாவது கடன் வாங்கலாம். ஹாம்களிடம் அது கட்டாயம் இருக்கும், கூடவே ஒரு மணி நேரப் பேச்சும் கிடைக்கும்.

ஒன்றும் திரும்பி வராத நிலையில் எஸ்.டபிள்யூ.ஆர். ஒன்று. அந்த ஒன்றுக்கு வரவே இல்லை என்று தூக்கம் கெடுபவர்கள் உண்டு. அது இரண்டாக இருந்தாலும் திரும்பி வருவது 11 சதவீத சக்திதான், ஒன்றரையில் 4 சதவீதம். அதைத் துரத்துகிற நேரத்தில் மேலே உள்ள கனெக்டருக்கு ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றியிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். என் முதல் ஆன்டெனா ஆறு மாதம் ஊரெல்லாம் கேட்டது, ஐப்பசி மழைக்குப் பிறகு ஊமையாகிவிட்டது. செட் போய்விட்டது என்று நினைத்து அதைத்தான் பிரித்துக்கொண்டிருந்தேன். மாடிக்குப் போய் கேபிளை நறுக்கிப் பார்த்தால் உள்ளே செம்பு வலை பச்சையாகிப் போயிருந்தது, தண்ணீர் இரண்டு மீட்டர் வரை இறங்கியிருந்தது. கனெக்டருக்குச் சற்று முன்னால் கேபிளைக் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏற்றினால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மழையோடு இடியும் வரும். இடி உறுமத் தொடங்கும் முன்பே கேபிளைச் செட்டிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட வேண்டும். ஆன்டெனாவைத் தாங்கும் ஜிஐ பைப்பை நடுமுன் ஈபி கம்பி எங்கே ஓடுகிறது என்று பாருங்கள். பைப் எந்தப் பக்கம் சாய்ந்து விழுந்தாலும் அந்தக் கம்பியைத் தொடாத இடமாக இருக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

சரி, இப்போது செட். லைசென்ஸ் கையில் இருக்கிறது, மாடியில் ஆன்டெனா நிற்கிறது, கேபிள் இறங்கியிருக்கிறது. பாவ்ஃபெங் யுவி-5ஆர் மாதிரியான மலிவுச் செட்டோடு ஆரம்பிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 5 வாட் என்று சொல்லப்படும், இரண்டு பேண்டு, பேட்டரி நாள் முழுக்க நிற்கும். அதன் பலவீனம் காதில்தான். பெரிய ஆன்டெனாவில் மாட்டினால் பக்கத்து எஃப்.எம். கோபுரமும் இன்னபிற சிக்னல்களும் உள்ளே நுழைந்து, கேட்க வேண்டிய குரலை அமுக்கிவிடும். கிராமத்தில் இது தெரியாது, நகரத்தில் உடனே தெரியும். யேசு, ஐகாம், கென்வுட் செட்டுகளுக்குக் கொடுக்கும் கூடுதல் காசில் பெரும்பகுதி இந்தக் காதுக்குத்தான். வீட்டிலிருந்தே பேசப்போகிறவர் கைச் செட்டைத் தாண்டி, காரில் வைக்கும் மொபைல் செட்டை மேஜையில் வைத்துக்கொள்வது மேல். லைசென்ஸில் எத்தனை வாட் வரை என்று போட்டிருக்கிறதோ அதற்கு மேல் போகக் கூடாது. மொபைல் செட்டுக்கு 13.8 வோல்ட் வேண்டும், 50 வாட் செட் பேசும்போது பத்துப் பன்னிரண்டு ஆம்பியர் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டருக்கு வாங்கிய 12 வோல்ட் டியூபுலர் பேட்டரியே இதற்குத் தோதானது. இடையில் ஒரு ஃபியூஸ் போட மறக்காதீர்கள்.

புதிய செட்டில் எல்லோருக்கும் வரும் வியாதி ஒன்று உண்டு. ரிப்பீட்டரில் ஊர் முழுக்கப் பேசுவது கேட்கும், நாம் பேசுவது ஒருவருக்கும் கேட்காது. ரிப்பீட்டர் என்பது மலையிலோ உயரமான கட்டடத்திலோ உட்கார்ந்து ஒரு அலைவரிசையில் கேட்டு, இன்னொன்றில் அதையே திருப்பிச் சொல்லும் கருவி. 2 மீட்டர் பேண்டில் இரண்டுக்கும் இடைவெளி வழக்கமாக 600 கிலோஹெர்ட்ஸ். அது 145.700-ல் பேசினால், நம் செட் 145.100-ல் பேச வேண்டும். செட்டில் இந்த இடைவெளியையும் அதன் திசையையும் சொல்லித் தராவிட்டால் ரிப்பீட்டரின் வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டிருப்போம். அதற்கு மேல் டோன் என்று ஒரு சாவி உண்டு. நம் குரலுக்கு அடியில், காதில் விழாத மாதிரி ஓடும் தாழ்ந்த ஒலி. ரிப்பீட்டர் எதிர்பார்க்கும் டோன் வந்தால்தான் கதவைத் திறக்கும். செட்டில் அனுப்பும் டோன், பெறும் டோன் என்று இரண்டு மெனு இருக்கும். அவசரத்தில் இரண்டாவதில் போட்டுவிட்டால் பேசவும் வராது, கேட்டுக்கொண்டிருந்ததும் நின்றுபோக வாய்ப்பு உண்டு. கேபிள் வழியாகக் கணினியில் சிர்ப் என்ற இலவச மென்பொருளைப் போட்டு நிரப்பினால் எல்லாம் ஒரே அட்டவணையில் கண்ணுக்குத் தெரியும். அப்படியே நமக்கு உரிமையில்லாத சேனல்களையெல்லாம் அழித்துவிட்டு, கீபேடைப் பூட்டி வையுங்கள்.

சிலருக்கு ரிப்பீட்டர் சலித்துவிடும், 7 மெகாஹெர்ட்ஸுக்குப் போவார்கள். அது வேறு உலகம். அலை வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் மலையோ கட்டடமோ தடையில்லை. ஒரு பக்கத்துக்கு 10 மீட்டராக இரண்டு செப்புக் கம்பிகளை மாடியின் நடுவிலிருந்து கூரை மாதிரி இறக்கிக் கட்டினால் பகலிலேயே பெங்களூர், ஹைதராபாத் என்று பேசலாம். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் (வி.யூ.2.ஈ.எஸ்.ஈ.) வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற எளிய செட்டின் வரைபடம் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. உள்ளூர்க் கடைச் சாமான்களை வைத்தே கட்டலாம் என்பதால் உலகமெங்கும் அதைக் கட்டிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பேண்டுக்கு எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எல்இடி பல்பு, போன் சார்ஜர், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாம் சேர்ந்து சதா 'ஸ்ஸ்ஸ்' என்று இரைந்துகொண்டிருக்கும். செட்டைப் பேட்டரியில் ஓடவிட்டு வீட்டு மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணைத்துப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று விழுந்தால் குற்றவாளி நம் வீட்டில். பிறகு ஒவ்வொரு ஃபியூஸாகப் போட்டுக்கொண்டே வந்தால் ஆள் அகப்படுவான். விழாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரோடு நல்ல உறவு தேவைப்படும். தெரு முழுக்கக் கரண்ட் போன இரவில் 7 மெகாஹெர்ட்ஸைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு அமைதியான இடம் என்று.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் (வி.யூ.2.ஆர்.பி.ஐ.) குழுவினர் போர்ட் பிளேருக்குப் போயிருந்தது இந்தப் பொழுதுபோக்குக்காகத்தான். அந்தமானிலிருந்து ஹாம் குரல் கேட்டு நெடுங்காலம் ஆகியிருந்ததால் உலகம் முழுக்க அவர்களைக் கூப்பிட ஆட்கள் காத்திருந்தார்கள். 26-ஆம் தேதி சுனாமி வந்தது. தொலைபேசி அறுந்துபோன தீவிலிருந்து, உயிரோடு இருப்பவர்கள் பற்றிய செய்தியை அந்தச் செட்டுகள்தான் பெருநிலத்துக்குச் சொன்னன. செட்டோடு ஆன்டெனாவும் மின்சாரமும் அன்றைக்குத் தாக்குப்பிடித்தன, அதனால்தான் செய்தி போனது.

கடைசியாக, முதல் அழைப்பு. பேசும் பட்டனை அழுத்தியதும் உடனே ஆரம்பிக்காதீர்கள். ரிப்பீட்டர் விழிக்க அரை வினாடியாவது ஆகும், அதற்குள் அழைப்புக்குறியின் முதல் எழுத்தை விழுங்கிவிடும். ஒரு மூச்சு விட்டுவிட்டு உங்கள் அழைப்புக்குறியைச் சொல்லி, யாராவது இருக்கிறீர்களா என்று கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம். பட்டனை விட்டதும் ரிப்பீட்டர் ஒரு நொடி இழுத்து 'டிக்' என்று அடங்கும். அடுத்தது பெரும்பாலும் எங்கோ ஒரு மாடியிலிருந்து வயதான குரல்: "நல்லா வருதுப்பா, ஆனா மைக்கை வாயில வச்சு முழுங்காம கொஞ்சம் தள்ளிப் பிடிச்சுப் பேசு. ஆன்டெனா என்ன போட்டிருக்க?"